திரை விலகும் வரை

சிங்கப்பெருமாள் கோயிலில் அன்று சுவாதி நட்சத்திரம். பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்கக் கூட்டம் மிகுந்திருந்தது. குன்றைக் குடைந்து அமைந்த சந்நிதியாதலால் உள்ளே இடமும் குறைவு, காற்றும் குறைவு. செங்கற்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்திறங்கிய பெரியவர், நான்கு வயதுப் பேத்தியை இடுப்பில் ஏந்தியபடி வரிசையின் முன்பகுதிக்கு வந்து சேர்ந்தபோது, பெருமாள் அமுது செய்யும் நேரமாகிவிட்டது. சந்நிதியில் திரை போட்டார்கள்.

அடியார்கள் அமைதியாக நின்றனர். அந்த அமைதியில் குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தாத்தா, விளம்பரம் வந்திடுச்சா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். குழந்தை விடவில்லை. "ஸ்கிப் பண்ணு தாத்தா" என்று சொல்லிக்கொண்டே, தொங்கிய திரையின் வலது கோடியை நோக்கி விரலை நீட்டி, காற்றில் அழுத்திப் பார்த்தது.

பெரியவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சற்று நேரத்தில் திரை விலகியது. ஆரத்தியின்போது அர்ச்சகர் பெருமாளின் திருமண்காப்பை மெல்ல உயர்த்தி, நெற்றிக்கண்ணைச் சேவிக்கச் செய்தார். அந்தத் தலத்திற்கே உரிய சேவை அது. அதைக் காட்டத்தான் பேத்தியை அத்தனை தூரம் அழைத்து வந்திருந்தார். அவளோ அந்நேரம் பின்புறம் திரும்பி, யாருடைய கையிலோ ஒளிர்ந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் அவர். கொளவாய் ஏரிக்கு அருகே சொந்த வீடு. மகனும் மருமகளும் மறைமலை நகர்ப் பக்கத்தில் வேலை பார்க்கிறார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். அதுவரை குழந்தை தாத்தா பாட்டியின் பொறுப்பு. இத்தகைய வீடுகளில், பிள்ளை கைப்பேசிக்கு அடிமையாகிவிட்டால் இந்தக் காலத்துப் பெற்றோரைக் குறை சொல்வது வழக்கம். வீடு திரும்பும் வழியெல்லாம் அவரும் மனத்துக்குள் அதைத்தான் செய்துகொண்டு வந்தார். இரவு மருமகளிடம் கோயிலில் நடந்ததைச் சொன்னபோது குரலில் அந்தக் குற்றச்சாட்டு இருந்திருக்க வேண்டும்.

அவள் மறுத்துப் பேசவில்லை. "உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க மாமா" என்று வாங்கினாள். ஒவ்வொரு செயலியும் அன்றாடம் எத்தனை நேரம் திறந்திருந்தது என்பதைக் கைப்பேசியே கணக்கு வைக்கிறது. அமைப்புகள் பகுதியில் அதைத் திறந்து அவரிடம் நீட்டினாள். முந்தைய நாள் மொத்தம் 3 மணி 40 நிமிடம். அதில் ஒரே செயலி 2 மணி 10 நிமிடம். குழந்தைகளுக்கான சுலோகங்களும் கண்ணன் கதைகளும் கொண்டது என்று அவரே தேடி இறக்கிவைத்த செயலி அது. முகப்பில் தவழும் பாலகிருஷ்ணனின் படம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அரை மணி நேரம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி பாராயணம் முடிக்கும்வரை கொஞ்சம், குழந்தை சோறு உண்ணும்போது கொஞ்சம், பிற்பகலில் தாம் கண்ணயரும்போது கொஞ்சம். கொஞ்சம் என்பதைக் கூட்டிப் பார்க்க யாரும் இருக்கவில்லை. மருமகள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தட்டெடுத்து வைக்கப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பிற்பகல் அவர் உறங்கவில்லை. பேத்தியின் அருகே அமர்ந்து அந்தச் செயலியை முதன்முறையாக முழுமையாகப் பார்த்தார். ஒரு சுலோகம், ஒரு நிமிடம். அது முடிந்ததும் பணம் வைத்து ஆடும் சீட்டாட்ட விளம்பரம். மூடுவதற்கான பெருக்கல் குறி ஐந்து விநாடிக்குப் பிறகு, எறும்பளவு சிறிதாக, மூலையில் தோன்றியது. குழந்தையின் விரல் அதற்கு முன்பே அந்த மூலைக்குச் சென்று காத்திருந்தது. அடுத்தது கண்ணன் உறியில் வெண்ணெய் எடுக்கும் விளையாட்டு. மூன்று முறை எடுத்ததும் பானை காலியாகிவிட்டது. மேலும் வெண்ணெய் வேண்டுமானால் ஒரு விளம்பரம் பார்க்க வேண்டும் என்றது செயலி. யசோதைகூட அப்படியொரு நிபந்தனை விதித்ததில்லை. இம்முறை உடனடிக் கடன் தரும் விளம்பரம். அதன்பின் இன்னொரு பானை, இன்னொரு விளம்பரம். இரண்டு மணி நேரம் பார்த்தாலும் அதில் முடிவு என்று ஒன்று வராது என்பது அவருக்குப் புரிந்தது. அருகில் அமர்ந்திருந்த அரை மணி நேரத்தில் பேத்தி அவரை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் பேசவும் அங்கே இடம் இருக்கவில்லை.

அன்று மாலையே செயலியை நீக்கினார். கோபத்தில் கைப்பேசியையே குழந்தையின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கச் சொன்னார். பாட்டி அதைப் பரணில் ஏற்றினாள். முதல் நாள் அழுகை. இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஓய்வூதியம் வரவாயிற்றா என்று பார்ப்பதற்காகப் பெரியவரே பரணுக்கு ஏணி வைக்க வேண்டியதாயிற்று. கீழே நின்ற பேத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளித்து வைப்பது வழியில்லை என்று அப்போது தெரிந்தது.

அதன்பின் அவர் செய்தது பொறுமையான வேலை. புதிய தண்டவாளத்தில் பயணிகள் வண்டியை விடுமுன் சோதனை வண்டியை ஓட்டிப் பார்த்த மனிதர் அவர். எந்தச் செயலியையும் மூன்று நாள் தாம் பார்த்த பிறகே குழந்தைக்குக் காட்டுவது என்று வைத்துக்கொண்டார். ப்ளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழேயே, விளம்பரங்கள் உள்ளன என்பதும், உள்ளே பணம் செலுத்தி வாங்குபவை உண்டு என்பதும் சிற்றெழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும் என்று மருமகள் காட்டிக்கொடுத்தாள். இத்தனை நாள் அவர் படத்தைப் பார்த்தாரே தவிர அந்த வரியைப் பார்த்ததில்லை. கடவுச்சொல் இன்றி எதையும் வாங்க முடியாதபடி செய்வதும், ஒரு செயலியைத் திறந்தபின் குழந்தை வேறெங்கும் செல்லாதவாறு திரையை அதிலேயே நிறுத்திவைப்பதும் இரண்டு மாலைகளில் பழகிவிட்டன. இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பார்ப்பது அவரே கண்டுபிடித்த சோதனை. வேண்டியதை முன்பே இறக்கி வைத்துக்கொண்ட பிறகும் இணையமில்லாமல் ஓட மறுக்கும் குழந்தைச் செயலி எதுவாயினும் அவருக்கு அதன்மேல் ஐயம்தான்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைப் பெற்றோரின் ஒப்புதலின்றிக் கையாளக் கூடாது என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணித்து அதற்கேற்ப விளம்பரம் காட்டக் கூடாது என்றும் கூறுகிறது. நல்ல சட்டம். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தையின் பக்கத்தில் வந்து அமர்வது சட்டத்தின் வேலையன்று.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு மருத்துவர்கள் ஏறத்தாழ ஒரே விடை தருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு மணி நேரமே எல்லை என்கிறது. இரண்டு வயதுக்குக் கீழ் அறவே வேண்டாம்; உறவினருடன் முகம் பார்த்துப் பேசும் அழைப்பு மட்டும் விலக்கு. பேரப்பிள்ளைகளை அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் விட்டுவிட்டு இங்கே திரையில் கொஞ்சுகிற பெரியவர்கள் இந்த விலக்கைக் கேட்டு மகிழலாம். அந்தத் திரையின் மறுபக்கம் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே அதற்குக் காரணம்.

பெரியவரின் கண் கடைசியில் நின்றது ஸ்டோரிவீவரில். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் என்னும் லாப நோக்கற்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய கதைத் தளம் அது. பல மொழிகளில் படக்கதைகள், தமிழிலும் நிறைய. நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிகள்தாம். கட்டணமில்லை, இடையில் விளம்பரமில்லை, இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டியதில்லை. அவரைக் கவர்ந்தது வேறொன்று. அந்தக் கதைகளுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. அது வந்ததும் கதை நின்றுவிடும். வாசிப்பதற்கு ஒரு குரலும் வேண்டியிருந்தது. எழுத்தறியாத குழந்தை தனியே வைத்துக்கொண்டு படம் பார்க்கலாம், ஆனால் கதை தாத்தாவின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

தேடும்போது வேறு சிலவும் கிடைத்தன. ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் கான் அகாடமி கிட்ஸ் என்ற செயலியை மருமகள் தேர்ந்தெடுத்தாள். இரண்டு முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசமாக, விளம்பரமின்றி நடத்தப்படுவது. தமிழ் இல்லை என்பது பெரியவருக்குக் குறைதான். எனினும் வேலையிலிருந்து வந்த தாய் கால்மணி நேரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு அதை விளையாடும்போது வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தை வைத்து அவர் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். 2019இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமாகிப் பின்னர் ரீட் அலாங் ஆன கூகுளின் செயலி, பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுத் திருத்துகிறது. அது எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது.

மாறுதல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் வாரம் பேத்தி, கதைப் பக்கத்தின் மூலையில் பெருக்கல் குறியைத் தேடினாள். யானைக்குட்டி தாயைத் தேடும் கதையில், தாத்தா மூச்சு வாங்கிய இடைவெளியில், "அடுத்தது, அடுத்தது" என்று விரலால் தள்ளினாள். அவர் தள்ள விட்டார். பிறகு பக்கத்தைத் திருப்புமுன், "குட்டி எங்கே போயிருக்கும், சொல்லு?" என்று கேட்கத் தொடங்கினார். பதில் வரும்வரை திருப்புவதில்லை. அவள் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடம் சொன்னாள். ஏரிக்குப் போயிருக்கும். கோயிலுக்கு. ரயிலுக்கு. அதே கதையைப் பதினான்கு நாள் படித்தார்கள். பெரியவருக்கு அலுத்துவிட்டது, அவளுக்கு அலுக்கவில்லை. அந்தப் பதினான்கு நாளில் ஒரு நாள், கைப்பேசி மூடியிருக்கும்போதே, அடுப்படியில் பாட்டியிடம் அவள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிஜ யானைக்குட்டி எங்க இருக்கு தாத்தா?" என்று ஒரு சனிக்கிழமை கேட்டாள்.

நிஜமானது அருகில் இல்லை. கல்லானது இருந்தது. மறுநாள் காலை இருவரும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறினார்கள். முழங்கால் வலியால் பாட்டி வரவில்லை. வேதகிரி மலை சன்னலில் தெரிந்தபோது இருவரும் கைகூப்பினார்கள்.

அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரு விதமாகச் சொல்லப்படும் அந்தப் பாறைச் சிற்பத்தின் முன் குழந்தை நின்ற நிலையை அவர் எதிர்பார்க்கவில்லை. ஏறத்தாழ 96 அடி நீளம், 43 அடி உயரம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் செதுக்கியது. தொட்டால் மாறாது, தள்ளினால் நகராது. அவள் வாய் திறந்து பார்த்தாள். பெரிய யானையின் காலடியில் குட்டிகளைக் கண்டதும், "இதோ இருக்கு! அம்மாகிட்டயே இருக்கு!" என்று கத்தினாள். எண்ணினாள். தவறாக எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பின் விரல் ஓரிடத்தில் நின்றது. யானையின் அருகே ஒரு பூனை, பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தி நின்றது. அதைச் சுற்றி எலிகள்.

"பூனை ஏன் சாமி கும்பிடுது?"

தரையில் அமர்ந்து அவர் கதையைச் சொன்னார். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் கதை அது. துரியோதனன், தருமரை இகழ்வதற்காக உலூகனிடம் சொல்லி அனுப்பியது. நல்லவரைப் பழிக்கச் சொன்ன கதை ஊரில் உள்ள போலிகளுக்கெல்லாம் பொருந்திப் போனது வேறு விஷயம். கங்கைக் கரையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்தது. எலிகள் நம்பி அருகே வந்தன. தவத்தால் மெலிந்துவிட்டேன், என்னை நாள்தோறும் ஆற்றுக்குக் கொண்டுவிடுங்கள் என்றது பூனை. அவை அப்படியே செய்தன. பூனை பருத்துக்கொண்டே போனது, எலிகள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டையும் ஒருசேரக் கவனித்த பிறகுதான் அவற்றுக்கு உண்மை விளங்கியது.

"முன்னாடியே எலிக்குத் தெரியாதா தாத்தா?"

"சாமி கும்பிடற மாதிரி நின்னா எப்படித் தெரியும் கண்ணு?"

சொல்லி முடித்ததும் அவருக்கு முகப்பில் தவழ்ந்த பாலகிருஷ்ணன் நினைவுக்கு வந்தான். 3 மணி 40 நிமிடம் என்ற கணக்கும் வந்தது. பேத்தி பூனையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருகிலேயே தலசயனப் பெருமாள் கோயில். பூதத்தாழ்வார் அவதரித்த ஊரின் திவ்யதேசம் அது. பெருமாள் ஆதிசேடன் மேல் இல்லாமல் தரையில் பள்ளிகொண்டிருப்பதன் காரணத்தை வரிசையில் நின்றபடியே பேத்திக்குச் சொன்னார். புண்டரீக முனிவர் பாற்கடல் பெருமாளுக்குத் தாமரை சாற்ற விரும்பி, கடல்நீரைக் கையால் இறைத்து வழியமைக்க முயன்றார். பசியோடு ஒரு முதியவர் வந்து உணவு கேட்டார். நீங்கள் போய் வாருங்கள், அதுவரை நான் இறைக்கிறேன் என்றார். முனிவர் உணவோடு திரும்பியபோது முதியவர் இல்லை. அந்தத் தாமரைகளைச் சூடிக்கொண்டு பெருமாள் தரையில் சயனித்திருந்தார்.

"தாத்தாதான் சாமியா?" என்றாள் குழந்தை.

அவர் பதில் சொல்வதற்குள் சந்நிதியில் திரை போட்டார்கள். அவருக்கு நெஞ்சு ஒருகணம் நின்றது. குழந்தை திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உள்ள என்ன பண்றாங்க?"

"பெருமாள் சாப்பிடறார்."

"என்ன சாப்பாடு?"

தயிர்சாதமாக இருக்கலாம் என்றார் அவர். புளியோதரை என்றாள் அவள். அதைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றார்கள். இடையில் ஒருமுறை தரையில் உட்கார்ந்துவிட்டாள், ஒருமுறை கால் வலிக்கிறது என்று சிணுங்கினாள். திரை விலகி மணி ஒலித்தபோது எழுந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பிற்பகலில் கண்ணயரும் வயது அவருடையது. வாரத்தில் ஓரிரு நாள் கைப்பேசி இன்னும் தனியே குழந்தையின் கைக்குப் போகிறது. அன்றைய கணக்கை இரவில் எடுத்துப் பார்க்கிறார். 50 நிமிடம், சில நாள் 1 மணி 15. கூடிய நாளில் மருமகளிடம் தாமே சொல்லிவிடுகிறார்.

அன்று வீடு திரும்பியதும் பேத்தி செருப்பைக் கழற்றுமுன் கைப்பேசியைக் கேட்டாள். பெரியவர் தயங்கிக் கொடுத்தார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு, கட்டிலில் காலை நீட்டியிருந்த பாட்டியின் மடிக்கு ஓடினாள். மாமல்லபுரத்தில் எடுத்த படத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தாள். பாட்டிக்குப் போன மாதம்தான் ஒரு கண்ணில் புரை நீக்கியிருந்தார்கள்.

"எங்கேடி பூனை? எனக்குத் தெரியலையே."

குழந்தை இரு விரல்களைத் திரையில் வைத்து விரித்தாள். பூனை பெரிதாயிற்று. பாட்டி குனிந்தாள், இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன.

"இது சாமி கும்பிடலை பாட்டி," என்று தொடங்கினாள் பேத்தி. "சும்மா நிக்குது. நீ எலிய எண்ணு."